தக்காளிச் செடிக்கு உண்மையில் எப்போது தாகம்?

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் என் கைப்பேசிக்கு ஒரே மாதிரியான படங்கள் வரத் தொடங்கிவிடும். பிற்பகல் ஒன்றரை, இரண்டு மணிக்கு எடுத்த படம். தாழ்வாரத்திலோ மாடத்திலோ ஒரு தொட்டி. அதில் பிழிந்து போட்ட துணிபோல் இலைகள் தொங்க நிற்கும் ஒரு தக்காளிச் செடி. கூடவே ஒரு கேள்வி: “அக்கா, காலையிலதான் தண்ணி ஊத்துனேன். மறுபடியும் ஊத்தவா?”

என் பதிலும் ஒரே மாதிரிதான். “இப்போ வேண்டாம். சாயந்தரம் ஏழு மணிக்கு இன்னொரு படம் அனுப்புங்க.”

ஏழு மணிப் படத்தில் பெரும்பாலும் செடி நிமிர்ந்து நிற்கும்.

நான் தோட்டக்கலை படித்தவள் அல்ல. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஈசூனில், மேற்குப் பார்த்த வீவக வீட்டின் தாழ்வாரத்தில் எட்டு ஆண்டுகளாகத் தக்காளி வளர்க்கிறேன். 2020ல், கொவிட் நேரத்தில், தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவசமாக விதைப் பொட்டலங்களை அனுப்பியது நினைவிருக்கும். அதன் பிறகு எங்கள் புளோக்கில் செடி வளர்ப்போர் தொகை கூடியது. கேள்விகளும் கூடின. அவற்றில் பாதிக்கு மேல் தண்ணீர் பற்றியவைதான்.

உரம், விதை, மண் எல்லாவற்றையும் பற்றிப் பேச ஆள் உண்டு. தண்ணீர் ஊற்றுவது மட்டும் யாருக்கும் கற்றுத் தரத் தேவையில்லாத வேலை என்று நினைக்கிறோம். நம் ஊர் வெயிலில் அதுதான் செடியின் உயிரைத் தீர்மானிக்கிறது. 2023 மே 13ஆம் தேதி ஆங் மோ கியோவில் வெப்பநிலை 37 டிகிரியைத் தொட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான உச்சத்துக்குச் சமம் அது. அந்த வாரம் எனக்கு வந்த படங்களுக்குக் கணக்கே இல்லை.

மதியத் துவளல்

செடி வேரால் நீரை உறிஞ்சி, இலையின் நுண்ணிய துளைகள் வழியே ஆவியாக வெளியேற்றுகிறது. நமக்கு வியர்வை எப்படியோ, செடிக்கு அது அப்படி. உச்சி வெயிலில் இலை வெளியேற்றும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது. மண்ணில் ஈரம் இருந்தாலும் முடியாது. அப்போது செடி இலையைத் தொங்கவிட்டு, வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. சில வகைகள் இலையை மேல்நோக்கிச் சுருட்டிக்கொள்ளும். வெயில் இறங்கியதும் கணக்கு நேராகிவிடும்.

இதைத் தாகம் என்று நினைத்து மதியமும் ஊற்றி, மாலையும் ஊற்றினால் தொட்டி மண் சேறாகிறது. வேருக்குக் காற்று வேண்டும். மண்ணின் இடுக்குகளில் எல்லாம் நீர் நிறைந்துவிட்டால் வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. எனவே செடி மறுபடி துவளும். பார்ப்பவர் மறுபடி ஊற்றுவார். தக்காளிச் செடிகள் தண்ணீர் இல்லாமல் சாவதைவிட இந்தச் சுழலில் மாட்டிச் சாவதுதான் எங்கள் புளோக்கில் அதிகம்.

ஆகவே செடியின் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரம் காலை. இரவு முழுவதும் நீர் எடுத்துக்கொள்ள வாய்ப்பிருந்தும் காலை ஏழரை மணிக்குத் துவண்டு நின்றால், அது உண்மையான சிக்கல். அப்போது மண்ணைத் தொடுங்கள்.

தொடுவது என்றால் மேல்மண்ணைத் தடவிப் பார்ப்பதல்ல. நடுவிரலை இரண்டாவது கணு வரை உள்ளே விட வேண்டும். அங்கே ஈரம் இருந்தால் காத்திருக்கலாம். உலர்ந்திருந்தால் ஊற்ற வேண்டும். இன்னொரு வழி, தொட்டியைச் சற்றே சாய்த்துப் பார்ப்பது. நன்றாக நீர் குடித்த தொட்டியின் கனமும் உலர்ந்த தொட்டியின் கனமும் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். கடையில் 10, 15 வெள்ளிக்கு விற்கும் ஈரமானியைவிட நான் என் கையைத்தான் நம்புகிறேன்.

எவ்வளவு, எப்படி

பூத்துக் காய்க்கும் பருவத்தில் உள்ள ஒரு செடிக்கு, 20 லிட்டர் தொட்டியில், மேற்கு வெயிலில், நாளொன்றுக்கு 2 முதல் 3 லிட்டர் தேவைப்படுகிறது. இது என் தாழ்வாரக் கணக்கு. காற்று அதிகம் வீசும் இருபதாம் மாடியில் இன்னும் கூடும். கிழக்குப் பார்த்த வீட்டில் குறையும். மழை நாளில் ஒன்றும் வேண்டியிருக்காது. இந்த எண்ணை மனப்பாடம் செய்து தினமும் அளந்து ஊற்றுவோரிடம் நான் சொல்வது, விரல்தான் முதலில், அளவு பிறகு என்பதே.

ஒரேயடியாகக் கவிழ்க்கக் கூடாது. வெயிலில் நன்றாகக் காய்ந்த தேங்காய் நார்த் தூளும் இலைமட்கும் நீரை உள்வாங்காது. மண் சுருங்கித் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகியிருக்கும். ஊற்றும் நீர் அந்த இடுக்கு வழியாகச் சரசரவென இறங்கி, அடித்துளையில் வெளியே வந்துவிடும். பார்ப்பவருக்கு, “நிறைய ஊற்றினேன், கீழே வழிந்துவிட்டது” என்று நிறைவு. வேர் இருக்கும் நடுப்பகுதி காய்ந்தே கிடக்கும். முதலில் அரை லிட்டரை மெதுவாகச் சுற்றிலும் ஊற்றிவிட்டு, காப்பி கலக்கப் போங்கள். ஐந்து, பத்து நிமிடத்தில் மண் இளகியிருக்கும். பிறகு மீதியை ஊற்றினால் அது தங்கும். முற்றிலும் இறுகிப்போன சிறு தொட்டியை ஒரு வாளி நீரில் அரை மணி நேரம் இறக்கிவைத்து எடுப்பது இன்னும் நல்லது.

இலைக்கு ஊற்றாதீர்கள், வேரடிக்கு ஊற்றுங்கள். நம் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் அதிகம். நனைந்த இலை சீக்கிரம் உலராது. பூஞ்சைக்கு அதைவிட வேறு விருந்து வேண்டாம். அதனால்தான் காலை நேரம் சிறந்தது. தப்பித் தவறி இலையில் பட்ட நீரும் வெயில் ஏறும்போது உலர்ந்துவிடும். காலையில் வேலைக்கு ஓடுபவர்கள் மாலையில் ஊற்றலாம், குற்றமில்லை. மண்ணுக்கு மட்டும் போனால் போதும்.

தரைவீட்டில் ரப்பர் குழாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருவது கை பொறுக்காத சூட்டு நீர். அதை ஒரு வாளியில் பிடித்து ஆறவிட்டு, பிறகு பயன்படுத்துங்கள்.

இன்னொன்று தொட்டியின் நிறம். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி பிற்பகல் வெயிலில் அடுப்பாகிவிடும். உள்ளே மண் 40 டிகிரியைத் தாண்டினால் நீர் இருந்தும் வேர் வேலை செய்யாது. தொட்டியைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியோ பழைய அரிசிச் சாக்கோ கட்டிவிடுங்கள். அழகாக இருக்காது. செடிக்கு அது பற்றிக் கவலை இல்லை.

முறையில்லாமல் ஊற்றினால் என்ன ஆகும்

மூன்று நாள் மறந்துவிட்டு நான்காம் நாள் குளிப்பாட்டுவது, இங்கே பலருக்கும் உள்ள பழக்கம். அதன் விளைவைக் காயில் பார்க்கலாம். காயின் அடிப்பக்கம் கறுத்து, தோல்போல் அமுங்கி அழுகும். இது பூச்சியும் அல்ல, நோயும் அல்ல. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. அந்தச் சத்து நீரோடு சேர்ந்துதான் செடிக்குள் பயணம் செய்யும். நீர் வரத்து தடைப்பட்டால் சத்தும் தடைப்படும். அதிலும் இலைகள்தான் அதிக நீரை இழுப்பவை. காய்க்குக் கிடைப்பது மிச்சம் மீதி. மண்ணில் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடும் வைத்தியம் நம் வீடுகளில் பிரபலம். முட்டை ஓடு மட்கிக் கரைய மாதக் கணக்காகும். அதற்குள் காய்ப்பே முடிந்துவிடும். முறையாகத் தண்ணீர் ஊற்றுங்கள், அடுத்த கொத்துக் காய்கள் பெரும்பாலும் சரியாக வரும்.

காய்ந்து கிடந்த செடிக்குத் திடீரென்று நிறைய நீர் கிடைத்தாலோ, வறட்சிக்குப் பின் பெருமழை பெய்தாலோ, பழம் வெடிக்கும். உள்ளே சதை உப்பும் வேகத்துக்குத் தோல் விரியாது. வெடித்ததை அன்றே பறித்து ரசத்தில் போட்டுவிடுங்கள்.

கெடாவில் அம்மா

இதையெல்லாம் நான் இவ்வளவு அக்கறையாகக் கவனிக்கத் தொடங்கியது என் தாழ்வாரத்துக்காக அல்ல, அம்மாவுக்காக.

அம்மாவுக்கு 72 வயது. சுங்கைப் பட்டாணியில் தனியாக இருக்கிறார். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். சிங்கப்பூருக்கு வந்து எங்களோடு இருங்கள் என்றால், “என் செடிக்கு யாரு தண்ணி ஊத்துவா?” என்பார். வீட்டுக்குப் பின்னால் தக்காளி, கத்தரி, பாகல், மிளகாய். வட மலேசியாவில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. நமக்கு வெயிலோடு மழையும் வரும். அங்கே வாரக் கணக்கில் வானம் வெளுத்தே கிடக்கும். மலேசியாவின் மிக உயர்ந்த வெப்பநிலையான 40.1 டிகிரி, 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பதிவானது கெடாவுக்கு மேலே உள்ள பெர்லிசின் சூப்பிங்கில்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதம், முற்பகல் பதினொரு மணிக்குச் செடிகள் துவண்டிருப்பதைப் பார்த்து, இரண்டு கையிலும் வாளி தூக்கிக்கொண்டு போனவருக்குத் தலை சுற்றியது. பக்கத்து வீட்டு மலாய் அம்மா பார்த்துப் பிடித்துக்கொண்டார். உடம்பில் நீர்ச்சத்து குறைந்துவிட்டது என்று மருந்தகத்தில் சொன்னார்கள். செடிக்கு ஊற்றப் போனவர் தான் குடிக்க மறந்திருந்தார்.

செடியை விடச் சொன்னால் கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆகவே பதினொரு மணி வேலையை இல்லாமல் செய்ய வேண்டியிருந்தது.

முதலில் செய்தது மூடாக்கு. கெடாவில் வைக்கோலுக்கா பஞ்சம்? செடியைச் சுற்றி நான்கு விரல் உயரத்துக்கு வைக்கோலைப் பரப்பினோம். தண்டை ஒட்டி மட்டும் இரண்டு விரல் இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் தண்டு அழுகும். மண்ணில் நேராக வெயில் படாததால் ஈரம் தங்கியது. சிங்கப்பூரில் வைக்கோலுக்குப் பதில் காய்ந்த இலைகளும், நாற்றுப் பண்ணைகளில் கிடைக்கும் தேங்காய் மட்டைத் துண்டுகளும் போதும். தண்ணீர் பற்றிய ஆலோசனைகளில் செலவு குறைந்ததும் பலன் கூடியதும் இதுதான் என்பேன். ஆனாலும் எங்கள் புளோக்கில் மூடாக்குப் போட்ட தொட்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இரண்டாவது, பானை. பொங்கல் பானை.

மெருகு பூசாத மண்பானையைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி, மூடிவைக்க வேண்டும். அவ்வளவுதான். பானையின் சுவர் நீரை மெல்லக் கசியவிடும். சுற்றிலும் மண் காய்ந்தால் அது நீரை இழுக்கும். மண் ஈரமாக இருந்தால் இழுக்காது. செடியே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய முதல் நூற்றாண்டில் சீனாவில் ஃபான் ஷெங்சி எழுதிய வேளாண் நூலிலேயே, புதைத்த பானையைச் சுற்றி முலாம்பழம் பயிரிடும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் பானைப் பாசனம் என்ற பெயரில் இன்றும் மரக்கன்றுகளுக்குச் செய்கிறார்கள்.

அம்மா ஒவ்வொரு தைக்கும் புதுப் பானை வாங்குபவர். பழைய பானைகள் படிக்கட்டுக்குக் கீழே வரிசையாக இருந்தன. வெளியே சாயம் பூசியவற்றை ஒதுக்கிவிட்டோம். சாயம் துளைகளை அடைத்துவிடும். மீதியில் ஐந்து லிட்டர் பிடிக்கும் நான்கு பானைகளைப் புதைத்து, ஒவ்வொன்றையும் சுற்றி மூன்று செடிகள் வைத்தோம். பொங்கல் வைத்த பானையை மண்ணில் புதைப்பதா என்று அம்மாவுக்கு முதலில் மனமில்லை. “சாமி பானைடி அது” என்றார். பிறகு அவரே, “வெளைச்சலுக்குத்தானே பொங்கல் வைக்கிறோம்” என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இப்போது அவர் காலை ஏழரை மணிக்கு, இரண்டு அல்லது மூன்று நாளுக்கு ஒருமுறை பானைகளை நிரப்புகிறார். வாளிக்குப் பதில் இரண்டு லிட்டர் ஜாடி. உள்ளே போகும் முன் ஒரு குவளை நீர் குடிக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். குடித்தாரா என்று நான் கேட்பேன். குடித்தேன் என்பார். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

சிங்கப்பூரில் பொங்கல் நேரத்தில் லிட்டில் இந்தியாவில் பானைகள் குவிந்திருக்கும். அரை லிட்டர், ஒரு லிட்டர் பிடிக்கும் சிறு பானை ஒன்று 20 லிட்டர்த் தொட்டிக்குச் சரியாக இருக்கும். பானை இருந்தாலும் உச்ச வெயிலில் அது மட்டும் போதாது; மேலேயும் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கும். ஒருநாள் மறந்தால் செடி தாங்கும், அதுவே பெரிய உதவி.

கொசுவையும் அண்டை வீட்டாரையும் மறக்க வேண்டாம்

பானைக்கு மூடி கட்டாயம் என்றேன் அல்லவா? காரணம் டெங்கி. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தேசியச் சுற்றுப்புற வாரியம் வீடுகளுக்குச் சொல்லும் ஐந்து அறிவுரைகளில் முதல் இரண்டுமே நம்மைப் போன்றவர்களுக்குத்தான்: இறுகிய தொட்டி மண்ணைக் கிளறிவிடுங்கள், தொட்டித் தட்டில் உள்ள நீரைக் கொட்டிவிடுங்கள். இறுகிய மண்ணில் நீர் இறங்காமல் மேலே குளம் கட்டும். கொசுவுக்கு அதுவும் போதும். செடிக்கு நல்லதும் கொசுவுக்குக் கெட்டதும் இங்கே ஒன்றுதான். ஊற்றி அரை மணி கழித்துத் தட்டைப் பாருங்கள். மிஞ்சியதைக் கொட்டுங்கள்.

தாழ்வாரத்தில் நடப்பவருக்கு 1.2 மீட்டர் இடம் விடவேண்டும் என்பது தீப் பாதுகாப்பு விதி. தடுப்புச் சுவர்மேல் தொட்டி வைக்கவே கூடாது. கீழ்வீட்டுக் கொடியில் காயும் துணிமேல் சேற்றுநீர் சொட்டினால் நீங்கள் தரும் தக்காளிகூட அந்த உறவைச் சரிசெய்யாது.

அரிசி களைந்த நீரை ஊற்றலாமா என்று வாராவாரம் யாராவது கேட்கிறார்கள். ஊற்றலாம், அன்றன்றைக்கு, கொஞ்சமாக. இரண்டு நாள் புளித்த நீர் என்றால் ஈ வரும். உப்புப் போட்டு வேகவைத்த நீர் எதுவும் வேண்டாம். மீன் கழுவிய நீரை அம்மா ஊற்றுகிறார். அவருக்குக் கொல்லை இருக்கிறது. எட்டாம் மாடித் தாழ்வாரத்தில் அதைச் செய்தால் புளோக்கின் பூனைகள் எல்லாம் உங்கள் வாசலில் கூடும்.

தண்ணீரால் தீராதவை

பூ பூத்து உதிர்கிறது, காயே இல்லை என்பார்கள். நம் ஊரில் இதற்குப் பெரும்பாலும் தண்ணீர் காரணமல்ல, இரவு வெப்பம்தான். தக்காளிக்கு இரவில் குளிர்ச்சி வேண்டும். இரவு 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்தில் மகரந்தம் சரியாக உருவாவதில்லை. கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் கேமரன் மலையில் தக்காளி கொழிப்பதும், அங்கிருந்து நம் ஈரச்சந்தைகளுக்கு லாரியில் வருவதும் அதனால்தான். பெரிய பழ வகைகளை விட்டுவிட்டு, சின்னச் சின்ன செரித் தக்காளி வகைகளைத் தேர்ந்தெடுங்கள். அவை வெப்பத்தில் ஓரளவு காய்க்கும். காலையில் பூங்கொத்தை விரலால் இலேசாகச் சுண்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து சேரும். தேனீ எட்டாத மாடிகளில் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

இன்னொன்று கொஞ்சம் கொடுமையானது. இலைகள் பச்சையாகவே இருக்கும். ஆனால் செடி துவளும். முதல் நாள் மாலையில் நிமிரும். மூன்றாம், நான்காம் நாளில் நிமிராது. மண்ணில் ஈரம் சரியாக இருக்கும். அடித்தண்டை வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளை நீரில் வெட்டுமுனையை நிறுத்திப் பாருங்கள். சில நிமிடங்களில் அதிலிருந்து பால் நூல்போல் வெள்ளையாக ஒன்று இறங்கினால், அது பாக்டீரியா வாடல் நோய். வெப்ப நாடுகளின் மண்ணில் வாழும் கிருமி அது. மருந்து இல்லை. ஊற்றும் தண்ணீர் தொட்டிக்குத் தொட்டி நோயைப் பரப்பவே செய்யும். செடியை மண்ணோடு ஒரு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதையும் மறுபடி வைக்காதீர்கள். வெண்டை வைக்கலாம். கத்தரி வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டிய தக்காளி நாற்றுகள் இந்த நோயை நன்றாகத் தாங்கும்; கிடைத்தால் விலை கூடினாலும் வாங்கலாம்.

ஜூன் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. புறப்படும் முன்தினம் தொட்டிகளை வெயிலிலிருந்து சுவரோரமாக நகர்த்திவிடுங்கள். பழுக்கத் தொடங்கிய காய்களையெல்லாம் பறித்துவிடுங்கள். நிறம் மாறத் தொடங்கியது சமையலறையிலேயே பழுக்கும். பருத்தித் துணியைத் திரியாக முறுக்கி, ஒரு முனையை மூடியில் துளையிட்ட நீர்ப் புட்டிக்குள்ளும் மறுமுனையைத் தொட்டி மண்ணுக்குள்ளும் விட்டால் மூன்று நாள் ஓடும். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லும்போது, “தினமும் ஊத்துங்க” என்று சொல்லாதீர்கள். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள்.